விண்வெளிக்குப் போன கரி எஞ்சின்

ஜப்பானில் ஒரு தலைமுறையே வழியனுப்பிய கார்ட்டூன் படம்

கூவென்று ஊதிக்கொண்டு ஒரு நீராவி எஞ்சின் கிளம்புகிறது. பின்னால் பழைய மாடல் பயணிகள் பெட்டிகள். எதிரும் புதிருமாக இருக்கைகள், தூக்கித் திறக்கும் ஜன்னல்கள். பிளாட்பாரம் முடிகிறது. தண்டவாளம் மேலே மேலே ஏறி, அந்தரத்தில் போய் நின்றுவிடுகிறது. ரயில் மட்டும் நிற்கவில்லை. புகையைக் கக்கியபடியே வானத்தில் ஏறி நட்சத்திரங்களுக்கு நடுவே மறைந்துவிடுகிறது.

ஜப்பான் நாட்டில் 1978-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி முதல் 1981-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி வரை, வியாழக்கிழமை தோறும் இரவு 7 மணிக்கு இந்த ரயில் டெலிவிஷனில் ஓடியது. மொத்தம் 113 வாரக் கதைகள். "பால்வெளி ரயில் 999" என்பது தொடரின் பெயர். டெலிவிஷன் தொடர் முடிந்து நாலே மாதத்தில், அதே ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, அந்த ரயில் மறுபடியும் சினிமாத் திரையில் புறப்பட்டது. "பிரியாவிடை, பால்வெளி ரயில் 999" என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே விடைபெற்றுக்கொண்டு வந்த படம் அது.

கார்ட்டூன் என்றால் குழந்தைகள் சமாச்சாரம், எலியும் பூனையும் துரத்திக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் நம்மில் அநேகர். இந்தப் படத்தின் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வழி டிக்கெட்

இந்த ரயிலை முதலில் காகிதத்தில் ஓட்டியவர் லெய்ஜி மாட்சுமோட்டோ என்ற படக்கதை ஓவியர். 1938-ம் ஆண்டு ஜப்பானின் தென்பகுதியான கியூஷூ தீவில் பிறந்தவர். தந்தை ராணுவ விமானி. போரில் ஜப்பான் தோற்றபின் அந்தக் குடும்பம் கஷ்ட ஜீவனம் நடத்தியது. சிறுவன் லெய்ஜி கோக்குரா என்ற ஊரில் வளர்ந்தான். பதினைந்து, பதினாறு வயதிலேயே அவனுடைய படக்கதை பத்திரிகையில் வந்துவிட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். கையில் இருந்தது ஒரு வழி டிக்கெட். திரும்பி வர டிக்கெட் எடுக்கப் பணமும் இல்லை, திரும்பி வரும் எண்ணமும் இல்லை. இரவு பகலாகக் கரி எஞ்சின் இழுத்துச் சென்ற அந்தப் பயணம்தான் பிற்பாடு பால்வெளி ரயிலாக ஆயிற்று என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஊரை விட்டு ரயிலேறிப் பிழைக்க வந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மாட்சுமோட்டோ ஒருவர் மட்டும் அப்படிப் போகவில்லை. 1954-ம் ஆண்டு ஜப்பானின் பிரதான தீவான ஹொன்ஷூவின் வடகோடியில் உள்ள ஆவோமோரியில் இருந்து டோக்கியோவின் யுவேனோ ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். பயணிகள் எல்லோரும் நடுநிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்த பிள்ளைகள். வயது பதினைந்து. தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலைக்காகக் கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள். "தங்க முட்டைகள்" என்று அவர்களுக்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு. முட்டை இட்ட கிராமத்துக்கு அதில் என்ன கிடைத்தது என்பது வேறு விஷயம். வருஷா வருஷம் வசந்த காலத்தில் இந்த ரயில்கள் ஓடின. பிளாட்பாரத்தில் தாய்மார்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். ரயில் வேகம் எடுத்ததும் கையை விடுவார்கள்.

கடைசி ஸ்பெஷல் 1975-ம் ஆண்டு ஓடியது. அதே 1975-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி ஜப்பான் தேசிய ரயில்வேயின் கடைசி நீராவிப் பயணிகள் ரயில் ஹொக்கைடோ தீவில் ஓடி ஓய்ந்தது. ஊரை விட்டுப் பிள்ளைகளை ஏற்றி வந்த ரயிலும், அதை இழுத்த எஞ்சினும் ஒரே வருஷத்தில் நின்றுபோயின. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுக்குள், 1977-ல், மாட்சுமோட்டோவின் ரயில் ஒரு வாரப் பத்திரிகையில் புறப்பட்டது. பூமியில் ஓட இடமில்லாமற்போன எஞ்சினை அவர் ஆகாயத்தில் ஓட்டினார் என்று சொல்ல வேண்டும்.

எஞ்சினின் ஜாதகம்

எஞ்சின் கற்பனை அல்ல. சி-62 என்ற ரகத்தைப் பார்த்து வரைந்தது. 1948, 1949-ம் ஆண்டுகளில் 49 எஞ்சின்கள் கட்டினார்கள். போர் முடிந்து நாடே கந்தலாகக் கிடந்த நேரம். போர்க் காலத்தில் சரக்கு ரயில்களுக்காகச் செய்த டி-52 எஞ்சின்களின் பாய்லர்களை எடுத்து, அதில் எக்ஸ்பிரஸ் ரயில் எஞ்சினை உருவாக்கினார்கள். ஜப்பானின் பழைய பாதைகள் 1,067 மில்லி மீட்டர் அகலம். நம் மீட்டர் கேஜைவிட 67 மில்லி மீட்டர்தான் அதிகம். அந்தக் குறுகிய பாதையில் 1954-ம் ஆண்டு ஒரு சி-62 எஞ்சின் மணிக்கு 129 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டியது. மீட்டர் கேஜில் பிரயாணம் செய்தவர்களுக்கு அந்த வேகத்தின் அருமை தெரியும்.

மாட்சுமோட்டோவின் ரயிலில் எஞ்சினின் வெளித் தோற்றம் மட்டுமே பழசு. உள்ளே எல்லாம் கம்ப்யூட்டர். பயணிகள் பயப்படக் கூடாது, மனதுக்குப் பழக்கமான உருவமாக இருக்கட்டும் என்று ரயில்வே கம்பெனியே இப்படி அமைத்திருக்கிறதாம்!

ரயிலுக்கு ஏன் 999 என்று எண்? ஆயிரத்துக்கு ஒன்று குறைவு. ஆயிரம் என்றால் முழுமை, வளர்ந்த மனிதன். அதற்கு ஒன்று குறைவாக நிற்பது இளமை. மாட்சுமோட்டோ கொடுத்த விளக்கம் இது.

பாஸ் கொடுத்த பெண்

எதிர்கால உலகம். பணக்காரர்கள் ரத்தமும் சதையுமான உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இயந்திர உடம்பு மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான வருஷம் வாழ்கிறார்கள். ஏழைகளுக்கு அந்த வசதி இல்லை. அது மட்டுமா? இயந்திரக் கோமகன் ஒருவன் பொழுதுபோக்குக்காக ஏழைகளை வேட்டையாடுகிறான். டெட்சுரோ என்ற சிறுவனின் தாய் அவன் துப்பாக்கிக்குப் பலியாகிறாள்.

இயந்திர உடம்பை இலவசமாகக் கொடுக்கும் கிரகம் ஒன்று வெகு தூரத்தில் இருப்பதாகப் பேச்சு. 999 ரயில் அங்கே போகிறது. டிக்கெட் எடுக்க டெட்சுரோவிடம் காசு ஏது? அப்போது கறுப்பு உடையும் கறுப்பு ரோமத் தொப்பியும் அணிந்த மேட்டெல் என்ற பெண் வருகிறாள். முகம் அவன் தாயின் சாயல். எந்த ஸ்டேஷனிலும் இறங்கி ஏறக்கூடிய பாஸ் ஒன்றை அவனுக்குத் தருகிறாள். கூடத் தன்னையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ரயில்வேயில் பாஸின் மதிப்பு தெரிந்தவர்கள், இதில் ஏதோ விவகாரம் இருக்கிறது என்று அப்போதே ஊகித்துவிடுவார்கள்!

ரயில் ஒவ்வொரு கிரகத்திலும் நிற்கும். அந்தக் கிரகம் ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எவ்வளவு நேரமோ, அவ்வளவுதான் ஹால்ட். பிந்தினால் ரயில் போய்விடும். முகம் தெரியாத குட்டையான கார்டு ஒருவர், தொப்பிக்குக் கீழே இரண்டு கண்கள் மட்டும் மின்ன, கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்தக் கார்டுக்குக் குரல் கொடுத்த கானெட்டா கிமோட்சுகி நிஜ வாழ்க்கையிலும் ரயில் பைத்தியம் உள்ளவராக இருந்தார். "டோரேமான்" தொடரில் பணக்காரப் பையன் சூனியோவுக்கும் அவர் குரல் கொடுத்திருந்தார். டெட்சுரோவுக்குக் குரல் கொடுத்தது மசாகோ நொசாவா என்ற பெண்மணி. பிற்காலத்தில் "டிராகன் பால்" கோக்குவுக்குக் குரல் கொடுத்துப் பேரன் பேத்திகள் வரை புகழ் பெற்றவர்.

முதல் படம்

டெலிவிஷன் தொடர் பாதி கூட ஓடாத சமயத்தில், 1979-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி, இந்தக் கதை 129 நிமிஷப் படமாக வந்தது. தோயி ஸ்டூடியோ தயாரிப்பு. ரின்டாரோ டைரக்ட் செய்தார். "பர்மாவின் யாழ்" படத்தை எடுத்த கோன் இச்சிகாவா மேற்பார்வை. டெலிவிஷனில் சப்பை மூக்கும் பத்து வயதுமாக இருந்த டெட்சுரோவைப் படத்தில் பதினைந்து வயதுப் பையனாக மாற்றினார்கள். தங்க முட்டைகளின் அதே வயது! தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அந்த மாற்றம்தான் படத்தின் உயிர். பத்து வயதுச் சிறுவனுக்கு மேட்டெல் தாய். பதினைந்து வயதுக்காரனுக்கு அவள் தாயும் ஆவாள், முதல் காதலும் ஆவாள்.

படத்தைப் பற்றிப் பேச்சாகவே இருந்தது. ரிலீசுக்கு முந்திய மாதம் தேசிய ரயில்வேயே 999 என்ற பெயரில் யுவேனோவில் இருந்து ஒரு ஸ்பெஷல் ரயில் விட்டது. எங்கே போகிறது என்று பயணிகளுக்குச் சொல்லவில்லை. கடைசியில் கராசுயாமா என்ற சின்ன ஊரில் போய் நின்றது. அந்த ஆண்டு ஜப்பானியப் படங்களிலேயே அதிக வசூல் இந்தக் கார்ட்டூனுக்குத்தான்.

முடிவில், இயந்திர சாம்ராஜ்யத்தின் ராணி புரோமிதியம் வேறு யாருமல்ல, மேட்டெலின் சொந்தத் தாய் என்று தெரிகிறது. ராணி அழிகிறாள். டெட்சுரோவுக்கு இயந்திர உடம்பு வேண்டாமென்று ஆகிவிடுகிறது. பூமிக்குத் திரும்பியதும் மேட்டெல் அவனை இறக்கிவிட்டு ரயிலில் போய்விடுகிறாள். பிளாட்பாரம் தீர்ந்த பிறகும் பையன் ரயிலுக்குப் பின்னால் ஓடுகிறான்.

கதை அங்கே முடிந்துவிட்டது. யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முடிந்த கதைக்கு மறுபடி கொடி

முடிந்த கதையைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பது சினிமாக்காரர்களுக்குத் தெரியாததல்ல. மாட்சுமோட்டோ சம்பந்தப்பட்ட "விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ" படத்திலேயே அந்த அனுபவம் நடந்தது. 1978-ல் வந்த இரண்டாவது யமாட்டோ படத்தில் கதாநாயகன் உயிர்த் தியாகம் செய்தான். தியேட்டரில் அழுகை. அதே ஆண்டு டெலிவிஷனில் அந்தக் கதையையே வேறு முடிவோடு காட்டி அவனை உயிரோடு வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் படங்கள் வந்தன. அழுதவர்களுக்கு, கொஞ்சம் ஏமாந்தோமோ என்ற எண்ணம் வரத்தானே செய்யும்.

அப்படியிருக்க, 1981-ம் ஆண்டுப் படம் எதைச் சொல்லிக் கதையைத் தொடர்ந்தது? ராணி செத்ததால் யுத்தம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னது என்ற கேள்வியில் தொடங்கியது.

இரண்டு வருஷம் கழிந்திருக்கிறது. பூமி இடிபாடாகக் கிடக்கிறது. டெட்சுரோ இடிந்த கட்டிடங்களுக்கு நடுவே இயந்திர மனிதர்களை எதிர்த்துப் போராடும் கூட்டத்தில் இருக்கிறான். அந்த நேரத்தில் மேட்டெலின் குரலில் ஒரு செய்தி: 999-ல் ஏறு. வயதான போராளி ஒருவரும் தோழர்களும் தங்கள் உயிரைக் கொடுத்து அவனை ஸ்டேஷன் வரை கொண்டு சேர்க்கிறார்கள். முதல் படத்தில் அவன் ஏறியது இயந்திர உடம்பு வாங்க. இந்த முறை எதற்காக ஏறுகிறான் என்று அவனுக்கே தெரியாது. அவனை ஏற்றிவிடச் செத்தவர்களுக்கும் தெரியாது. படத்தின் முதல் இருபது நிமிஷம் பார்ப்பவர் நெஞ்சைப் பிசைவதற்கு அதுதான் காரணம்.

ரயிலில் பழைய கார்டு இருக்கிறார். உணவுப் பெட்டியில் இருந்த கண்ணாடி உடம்புப் பெண் கிளேர் இல்லை. தன் சொந்த உடம்பை மீட்கக் கூலி வேலை செய்த அவள், முதல் படத்தில் டெட்சுரோவைக் காப்பாற்ற உடைந்து சிதறிப் போனாள். அவளுடைய இடத்தில் மெட்டல்மேனா என்ற புதிய பணிப்பெண். இவள் தன் இயந்திர உடம்பைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்கிறவள்.

பாதையில் ஒரு மர்ம ரயில் குறுக்கே வருகிறது. எந்த அட்டவணையிலும் இல்லாத ரயில். அதற்கு வழி விட்டு 999 ஒதுங்க வேண்டியிருக்கிறது. மெயிலையே ஒதுக்கிவிட்டு ஒரு வண்டிக்கு வழி விடுகிறார்கள் என்றால், அதில் யார் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்போதுதான் படம் தன் நிஜமான முகத்தைக் காட்டுகிறது.

மர்ம ரயிலில் போனவர்கள் மனிதர்கள். இயந்திர மனிதர்கள் சாகாமல் இருக்க விழுங்கும் சக்தி மாத்திரை, உயிருள்ள மனிதர்களைக் கொன்று அவர்களுடைய உயிரைப் பிழிந்து எடுத்ததாம். தொழிற்சாலையில் வரிசையாக உடல்கள். வழியில் தோள் கொடுத்த மியௌடர் என்ற இளம் போராளியின் உடலையும் டெட்சுரோ அங்கே காண்கிறான். மெட்டல்மேனாவுக்கும் அன்றுதான் தெரிகிறது, தான் இத்தனை நாள் எதைத் தின்று பளபளப்பாக இருந்தோம் என்று. பெருமை பேசிய அந்தப் பெண் பிறகு எடுக்கும் முடிவு, கிளேர் எடுத்த முடிவுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

முதல் படத்தில் சாகா வரம் என்பது நெஞ்சை மரக்க வைக்கும் ஒன்று, அவ்வளவுதான். இரண்டாவது படம், அந்த வரத்துக்கு வேறு யாரோ கட்டணம் செலுத்துகிறார்கள் என்கிறது. ஒரு நாட்டின் தொழிற்சாலைகளுக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ரயில் ரயிலாக ஏற்றி வந்ததைப் பார்த்த ஜனங்கள், அந்த மர்ம ரயிலைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்?

கறுப்பு வீரன்

கதையில் ஃபௌஸ்ட் என்ற கறுப்பு உடை வீரன் வருகிறான். இயந்திர சாம்ராஜ்யத்தின் பெரிய தளபதி. டெட்சுரோவைக் கொல்லப் பல சந்தர்ப்பம் கிடைத்தும் கொல்வதில்லை. கடைசிச் சண்டையில் அவன் வீழ்ந்த பிறகு, டெட்சுரோவின் தந்தை அவன்தான் என்று வெளிப்படுகிறது.

தந்தையே எதிரி என்ற திருப்பம் அமெரிக்காவின் "ஸ்டார் வார்ஸ்" இரண்டாவது படத்தில் 1980-ம் ஆண்டே வந்துவிட்டது. அதைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே அப்பன் மனம் மாறி மகனைக் கட்டிக்கொள்வதில்லை. மகன் தன் கையால் சுட்டது யாரை என்று காலம் கடந்து தெரிகிறது. தாயை இயந்திர மனிதன் கொன்றான். தந்தை இயந்திர மனிதன் ஆனான். போர் விமானியின் மகனான மாட்சுமோட்டோ, தோற்ற நாட்டில் அப்பன்மார்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. விண்வெளிக் கொள்ளைக்காரன் ஹார்லாக்கும், எமரால்டாஸ் என்ற வீராங்கனையும் தலை காட்டிவிட்டுப் போகிறார்கள். ரசிகர்கள் கைதட்டட்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு அதிக வேலை இல்லை. செத்த ராணி எப்படித் திரும்பி வந்தாள் என்பதும் அவசரத்தில் சொல்லப்படுகிறது. கதைக் கட்டுக்கோப்பில் முதல் படமே உசத்தி.

விடை கொடுக்கும் கட்டத்தில் இரண்டாவது படம் ஜெயித்துவிடுகிறது. 1979-ல் பையன் ரயிலுக்குப் பின்னால் ஓடினான். 1981-ல் அவன் ரயிலுக்குள் இருக்கிறான். மேட்டெல்தான் ஏறாமல் நின்றுவிடுகிறாள். ஜன்னலில் தலை நீட்டியவன் முன்னால் பார்க்க வேண்டியவன் ஆகிறான். பெரிய வசனம் இல்லை. கண்ணீர்க் கடல் இல்லை. மேரி மெக்ரிகர் என்ற அமெரிக்கப் பாடகி பாடிய விடைபெறும் பாட்டு ஒலிக்க, ரயில் போகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புரிய மொழி தேவையில்லை.

விடைபெற்ற பிறகு

சொன்ன சொல்லைக் கொஞ்ச காலம் காப்பாற்றினார்கள். பதினைந்து ஆண்டு 999 ஓடவில்லை. 1996-ல் மாட்சுமோட்டோ படக்கதையை மறுபடியும் எழுதத் தொடங்கினார். 1998-ம் ஆண்டு மார்ச்சில் ஒரு குறும்படமும் வந்தது. பிரியாவிடை என்று சொல்லிவிட்டு மறுபடி ரயிலைக் கொண்டுவந்தது தேவைதானா என்று கேட்டால், தேவையில்லை என்றே சொல்லலாம். 1981-ன் பிரிவைக் கண்டவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர்கள் அந்த ரயிலை மறக்கவில்லை. 1999-ம் ஆண்டு சுருகா என்ற துறைமுக நகரம் தன் துறைமுகம் திறந்த நூறாவது ஆண்டு விழாவுக்கு, ஸ்டேஷனில் இருந்து செல்லும் கடைத்தெருவில் 999, யமாட்டோ பாத்திரங்களை வெண்கலச் சிலைகளாக வைத்தது. மாட்சுமோட்டோ ஒரு வழி டிக்கெட்டோடு புறப்பட்ட கோக்குராவில் 2012-ல் படக்கதை மியூசியம் திறந்தபோது அவரைக் கௌரவ டைரக்டர் ஆக்கினார்கள். நிஜ எஞ்சினும் பிழைத்தது. இரண்டாம் எண் சி-62, கியோட்டோ நகர ரயில் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

மாட்சுமோட்டோ 2023-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி தமது 85-வது வயதில் காலமானார். அவர் வெகு காலம் வாழ்ந்தது டோக்கியோவின் நெரிமா வட்டாரம். படத்தை எடுத்த தோயி ஸ்டூடியோவும் அங்கேதான். அங்குள்ள ஓயிசுமி ககுவென் ஸ்டேஷனில் தொப்பி போட்ட அந்தக் குட்டைக் கார்டுக்குச் சிலை வைத்து, கௌரவ ஸ்டேஷன் மாஸ்டர் பதவியும் கொடுத்திருக்கிறார்கள். 2009-ம் ஆண்டு முதல் அந்த ஸ்டேஷனில் ரயில் புறப்படும் நேரத்துக்கு, மணிக்குப் பதிலாக 999 படப் பாட்டின் மெட்டை ஒலிக்க விட்டார்கள். கதவு மூடுகிறது, ஆபீசுக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், வண்டி கிளம்புகிறது.